கேம் கன்சோல் போட்டியும் சீர்குலைக்கும் புத்தாக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வணிகம் படிக்கும் தமிழ் மாணவர்கள் பலர் இடுபணிக்குக் கன்சோல் சந்தையை எடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைக்குக் கன்சோல் வாங்க லோ யாட் பிளாசா பக்கம் போகும் பெற்றோரும் சிலவற்றைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். விலைகள் அமெரிக்க அறிமுக விலைகள். வெள்ளிக்கு மாற்றினால் நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமும் உள்ளே புகுந்து ஒப்பீட்டைக் குழப்பும் என்பதால் டாலரிலேயே விட்டிருக்கிறோம்.

“டிஸ்ரப்டிவ் இன்னோவேஷன்னா, புதுசா ஒண்ணு வந்து பழசைத் தூக்கிச் சாப்பிடுறதுதானே சார்?”

அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1995-இல் ஜோசப் போவருடன் சேர்ந்து கட்டுரையாகவும், 1997-இல் நூலாகவும் சொன்ன ‘சீர்குலைக்கும் புத்தாக்கம்’ (டிஸ்ரப்டிவ் இன்னோவேஷன்) என்ற கருத்து இதைவிடக் குறுகலானது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு அதிக லாபம் தரும் வாடிக்கையாளர் கேட்பதையே மேலும் மேலும் செய்து கொடுக்கின்றன. ஒரு கட்டத்தில் பொருளின் திறன் சாதாரண ஆளின் தேவையைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் திறன் குறைந்த, ஆனால் மலிவான அல்லது எளிதான ஒன்று ஓரமாக நுழைகிறது. அந்த ஓரத்து வாடிக்கையாளரிடம் லாபம் குறைவு என்பதால் பெரியவர்கள் சண்டை போடாமல் மேலே நகர்கிறார்கள். நுழைந்தவர் திறனைக் கூட்டிக்கொண்டே வந்து கடைசியில் முக்கிய வாடிக்கையாளரையும் பிடித்துவிடுகிறார்.

நுழையும் வாசல் இரண்டு: இருக்கும் சந்தையின் அடித்தட்டு, அல்லது இதுவரை அந்தப் பொருளை வாங்கவே வாங்காதவர்கள். இந்த இரண்டையும் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். நுழைந்த பிறகு மேலே ஏற வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் விட்டுவிடுகிறார்கள். கீழே வரும் பல பதில்கள் இந்த ஏற்றத்தைச் சுற்றியே வரும், நினைவில் வையுங்கள்.

“கன்சோலை நட்டத்துக்கு விக்கிறாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா? அப்புறம் காசு எங்கிருந்து வருது?”

சில நேரம் உண்மை. பிளேஸ்டேஷன் 3 வந்த 2006 நவம்பரில் ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் அதைப் பிரித்துப் பாகங்களுக்கு விலை போட்டது. 499 டாலருக்கு விற்ற 20 ஜிகாபைட் மாதிரிக்குப் பாகங்களும் தயாரிப்பும் சேர்த்து ஏறக்குறைய 806 டாலர் என்று கணக்கு வந்தது. கன்சோல் ஒன்றுக்கு 307 டாலர் கையைவிட்டுப் போகிறது. ஐபிஎம், தோஷிபாவுடன் சேர்ந்து உருவாக்கிய செல் செயலியும் அப்போது புதிதாக இருந்த புளூரே வாசிப்பானும் பெரிய காரணங்கள்.

வருமானம் விளையாட்டுகளிலிருந்து வருகிறது. மற்ற நிறுவனங்கள் அந்தக் கன்சோலுக்காக வெளியிடும் ஒவ்வொரு விளையாட்டிலும் கன்சோல் தயாரிப்பாளருக்குப் பங்கு உண்டு. மின்னிலக்கக் கடைகளில் இது வழக்கமாக 30%. 60 டாலர் விளையாட்டில் 18 டாலர். இந்த விகிதத்தில் 307 டாலரை ஈடுகட்ட ஒரே வீட்டுக்காரர் 17 விளையாட்டுகளுக்கு மேல் வாங்கியாக வேண்டும். சொந்த விளையாட்டுகள் விற்றால் கூடுதலாகக் கிடைக்கும், ஆண்டு போகப்போகப் பாகங்களின் விலையும் இறங்கும். அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். நிண்டெண்டோ பொதுவாக இந்த வழியில் போவதில்லை, கன்சோலிலேயே லாபம் பார்க்க முயலும். இந்த வேறுபாடு அடுத்த பதிலுக்குத் தேவைப்படும்.

“எல்லா நோட்ஸ்லயும் நிண்டெண்டோ வீ தான் உதாரணம். அதுல அப்படி என்ன இருக்கு?”

2006-இல் வீயின் விலை 249.99 டாலர். பிளேஸ்டேஷன் 3 499, 599 டாலர். அதற்கு முந்திய ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் 360 299, 399 டாலர். வீயின் செயலி, நிண்டெண்டோவின் முந்திய கன்சோலான கேம்கியூபில் இருந்ததன் சற்றே வேகமான வாரிசு. படம் 480 வரிகளோடு சரி. மற்ற இருவரும் உயர்தெளிவுப் படம் கொடுத்தார்கள். திறனை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு தலைமுறை பின்தங்கிய கன்சோல்.

மாறியது கைப்பிடி. தொலைக்காட்சிக்கு மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ என்ற பட்டையில் உணரி எதுவுமே கிடையாது. இரண்டு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டும்தான். அவற்றைப் பார்க்கும் கேமரா கைப்பிடியின் நுனியில் இருக்கிறது. இரண்டு ஒளிப்புள்ளிகள் எங்கே தெரிகின்றன என்பதை வைத்துத் திரையில் எந்த இடத்தைக் குறிவைக்கிறோம் என்று அது கணக்கிடுகிறது. கையின் வீச்சை முடுக்கமானி அளக்கிறது. இரண்டும் புளூடூத் வழியாகக் கன்சோலுக்குப் போகின்றன. பட்டை கெட்டுப்போனால் இரண்டு மெழுகுவத்திகளை இடைவெளி விட்டு ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். அவ்வளவு எளிய, மலிவான பாகங்கள். கேம்பாயை வடிவமைத்த குன்பெய் யோகோய் விட்டுச்சென்ற கொள்கையும் இதுதான்: நன்றாகப் பழகி விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் யோசிக்காத இடத்தில் பயன்படுத்துவது. 1989-இன் கேம்பாய் நிறமே இல்லாமல் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வண்ணத்திரையோடு வந்த சேகா கேம் கியர் ஆறு பேட்டரியை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் காலி செய்தது.

பத்துப் பன்னிரண்டு பொத்தானைப் பார்த்தே ஒதுங்கிய தாத்தா பாட்டி வரை வீயை எடுத்து ஆடினார்கள். இரண்டாவது வாசல், அதாவது வாங்கவே வாங்காதவர்கள், இங்கே திறந்தது. மொத்த விற்பனை 101.63 மில்லியன். சோனி மூவ், மைக்ரோசாஃப்ட் கினெக்ட் என்று எதிரணியின் பதில் வர 2010 ஆகிவிட்டது.

“அப்போ விலை கம்மியா விட்டா போதும் லா. ஊயா ஏன் படுத்துச்சு?”

ஊயா 2012-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 8.5 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டி, 2013-இல் 99 டாலருக்கு வந்த ஆண்ட்ராய்டு கன்சோல். முதல் பதிலில் சொன்ன அடித்தட்டு வாசலுக்கு அளவெடுத்துத் தைத்தது போலத் தெரியும். ஆனால் அதில் ஓடிய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கையிலிருக்கும் கைப்பேசியிலோ கணினியிலோ ஆடலாம். 99 டாலர் கொடுக்க அது காரணமாகவில்லை. 2015-இல் அதன் மென்பொருள் பிரிவை ரேசர் வாங்கியது, 2019-இல் சேவை மூடப்பட்டது.

கன்சோல் ஓர் இருபக்கச் சந்தை. ஆள் இல்லாவிட்டால் விளையாட்டு வராது, விளையாட்டு இல்லாவிட்டால் ஆள் வரமாட்டார்கள். முதல் சில விளையாட்டுகளைத் தானே செய்து இந்தச் சக்கரத்தைத் தள்ளிவிட ஆளில்லாத நிறுவனம், கன்சோலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். நிண்டெண்டோவிடம் அந்த ஆட்கள் இருந்தார்கள்.

“பிளேஸ்டேஷன் ஒண்ணு வந்து சேகாவைச் சாய்ச்சது டிஸ்ரப்ஷன்தானே?”

புதியவர் பழையவரை வீழ்த்தினார் என்பது சரி, சீர்குலைப்பு என்பது சரியில்லை. சோனி அடித்தட்டில் நுழையவில்லை. நேராக முதல் வரிசை வாடிக்கையாளரிடம் போய், அவர் கேட்ட முப்பரிமாணப் படத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் இ3 கண்காட்சியில் சேகா தன் சேட்டர்ன் 399 டாலருக்கு அன்றே கடைகளில் கிடைக்கும் என்று அறிவித்தது. அதே நாளில் சோனி 299 என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கியது. சேகா தேதியைத் திடீரென முன்னே இழுத்ததில் விளையாட்டுகள் தயாராக இல்லை. சரக்கு கிடைக்காத கடைக்காரர்களும் கோபித்துக்கொண்டார்கள்.

நிண்டெண்டோ 64-க்கு வந்த அடி வேறு. ஒரு குறுந்தட்டில் சுமார் 650 மெகாபைட் அடங்கும், அச்சடிக்கும் செலவு மிகக் குறைவு, தீர்ந்தால் சில நாளில் மறுபடி அடித்துவிடலாம். 64-இன் கார்ட்ரிட்ஜ் அதிகபட்சம் 64 மெகாபைட். வெளியீட்டாளர் முன்பணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விற்காவிட்டால் நட்டம் அவர் தலையில். அதனால் வெளியீட்டாளர்கள் சோனி பக்கம் சாய்ந்தார்கள். கிறிஸ்டென்சன் கணக்கில் இதுவும் நிலைநிறுத்தும் புத்தாக்கம்தான்: இருக்கும் வாடிக்கையாளருக்கு, இருக்கும் அளவுகோலிலேயே, கூடுதலாகக் கொடுப்பது.

“பெட்டாலிங் ஸ்ட்ரீட்ல சில வெள்ளிக்கு கேம் சீடி கிடைச்ச காலத்துல, அந்த ராயல்டி கணக்கெல்லாம் இங்க எப்படிச் செல்லும்?”

செல்லவில்லை. பிளேஸ்டேஷனின் அசல் தட்டில், தொடக்கப் பகுதியின் தடம் மிக நுண்ணியதாக வளைந்து வளைந்து போகும். அந்த வளைவுக்குள் எந்த வட்டாரத்துத் தட்டு என்ற குறியீடு இருக்கும். வீட்டுக் குறுந்தட்டுப் பதிப்பானால் அந்த வளைவை எழுத முடியாது, அதனால் நகல் தட்டு ஓடாது. கடைகளில் பற்றவைத்துக் கொடுத்த ‘மோட் சிப்’ அந்தக் குறியீட்டைத் தானே கன்சோலுக்குச் சொல்லிவிடும். இந்த ஒரு சில்லு போதும், இரண்டாவது பதிலில் உள்ள கணக்கு முழுவதும் உடைந்துவிடும்: கன்சோல் விற்றது, விளையாட்டில் ஒரு சென் வரவில்லை.

போட்டியிலும் இதன் விளைவு தெரிந்தது. தட்டு மலிவாகக் கிடைத்த பிளேஸ்டேஷன் இங்கே வேரூன்றியது, விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜ் வேண்டிய கன்சோல் பின்தங்கியது. மலேசியா ஒளித்தட்டுச் சட்டம் 2000-ஐக் கொண்டுவந்து தட்டு உற்பத்திக்கு உரிமம் கட்டாயமாக்கியது. நிலைமையை முழுமையாக மாற்றியது இணையம்: கணக்கு முடக்கப்பட்டால் நண்பர்களோடு ஆட முடியாது என்ற பயம், எந்தச் சோதனைக்கும் மேலாக வேலை செய்தது.

“வீ வாங்கினவங்க எல்லாம் எங்கே போனாங்க? வீ யூ ஏன் ஓடல?”

எங்களைக் கேட்டால் முழு இடுபணியையும் இந்த ஒரு கேள்வியில் எழுதலாம். 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் வீ 25.95 மில்லியன் விற்றது. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 9.84 மில்லியன். அடுத்து வந்த வீ யூவின் வாழ்நாள் விற்பனையே 13.56 மில்லியன்தான். பாட்டியும் அலுவலகத்து அக்காவும் உயர்தெளிவுப் படம் கேட்டு சோனியிடம் போகவில்லை. 2008 ஜூலையில் ஆப்பிள் செயலிக் கடை திறந்தது. சும்மா இருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு விளையாட்டு என்ற அவர்களுடைய தேவை, ஏற்கெனவே பையில் இருந்த கருவியில் தீர்ந்தது.

வீ புதிய ஆட்களைக் கொண்டுவந்தது, ஆனால் அவர்களை மேலே ஏற்றவில்லை. கைப்பிடியை ஆட்டிப் பந்து உருட்டியவருக்கு அடுத்த படியாக என்ன என்று காட்ட அதனிடம் திறனும் இல்லை, வெளி நிறுவனங்களின் பெரிய விளையாட்டுகளும் இல்லை. முதல் பதிலின் நிபந்தனை இங்கேதான் அறுந்தது. கையடக்கக் கருவியிலும் அடி விழுந்தது: 2011-இல் 249.99 டாலருக்கு வந்த 3டிஎஸ், ஐந்து மாதத்துக்குள் 169.99-க்கு இறக்கப்பட்டது. அந்த நிதியாண்டில் நிண்டெண்டோவுக்கு 43.2 பில்லியன் யென் நட்டம்.

“ஏற்கெனவே சந்தையில இருந்த கம்பெனி எப்படி டிஸ்ரப்டர் ஆகும்? லெக்சரர் சிவப்பு மையில கேட்டிருக்கார்.”

நியாயமான கேள்வி. கோட்பாட்டில் முக்கியமானது நிறுவனத்தின் வயதைவிட, அதற்கு எதை விட்டுக்கொடுக்க மனமில்லை என்பது. பிளேஸ்டேஷன் 2 உலகெங்கும் 150 மில்லியனைத் தாண்டி ஓடியபோது கேம்கியூப் 21.74 மில்லியனில் நின்றது. உயர்தட்டில் நிண்டெண்டோவுக்குக் காக்க வேண்டிய பங்கு அதிகம் இல்லை, அந்தப் பந்தயத்தைக் கைவிடுவது அதற்கு எளிது. செல் செயலியிலும் புளூரேயிலும் பணத்தைக் கொட்டியிருந்த சோனியால் அப்படித் திரும்பியிருக்க முடியாது. பதிலில் ‘பழைய நிறுவனம், ஆனால் உயர்தட்டில் ஏற்கெனவே தோற்றது’ என்று எழுதி இந்த எண்களைப் போடுங்கள். கூடவே முந்திய பதிலின் முடிவையும் சேர்த்தால், வீ சீர்குலைப்பாகத் தொடங்கிப் பாதியில் நின்றது என்ற வாதம் உறுதியாக நிற்கும்.

“அப்போ உண்மையான டிஸ்ரப்டர் போன்தான். அது கன்சோலை முடிச்சிருச்சா?”

முடிக்கவில்லை, ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது. கைப்பேசி விளையாட்டான மொபைல் லெஜெண்ட்ஸின் உலகப் போட்டியின் முதல் தொடர் 2019-இல் புக்கிட் ஜாலில் ஆக்ஸியாத்தா அரங்கில் நடந்தது. 2024-இல் ஆறாவது தொடரும் கோலாலம்பூருக்கே வந்தது. அங்கே திரண்ட இளைஞர்களில் கன்சோலையே தொடாதவர்கள் ஏராளம். விளையாட்டு இலவசம், கருவி ஏற்கெனவே கையில். 2020 செப்டம்பரில் கென்ஷின் இம்பாக்ட் கைப்பேசி, கணினி, பிளேஸ்டேஷன் 4 மூன்றிலும் ஒரே நாளில் வந்தபோது ஏற்றம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்தது.

இன்னும் ஏறாத இடங்கள் உண்டு: தொட்டறியக்கூடிய பொத்தான், மணிக்கணக்காக ஆடினாலும் சூடேறி வேகம் குறையாத உடல், முன்கூட்டியே 60, 70 டாலர் கொடுக்கத் தயங்காத வாடிக்கையாளர். கன்சோல்கள் நிற்பது இந்த மூன்றின் மேல்தான்.

“ஸ்விட்ச் எந்த வகை?”

2017 மார்ச் 3-இல் 299.99 டாலருக்கு வந்தது. உள்ளே இருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1 சில்லு 2015-லேயே வெளியானது. மறுபடியும் யோகோயின் கொள்கை. தொலைக்காட்சியிலும் கையிலும் ஒரே விளையாட்டு ஓடியதால், இரண்டு தனித்தனிக் கருவிகளுக்கு விளையாட்டு செய்துகொண்டிருந்த நிண்டெண்டோவின் குழுக்கள் ஒன்றுக்கு மட்டும் செய்யத் தொடங்கின. விளையாட்டு வறட்சி தீர்ந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. விற்பனை 150 மில்லியனைத் தாண்டியது. சீர்குலைப்பு என்று இதைச் சொல்லத் தேவையில்லை. கைப்பேசி ஏற முடியாத இடத்தில் போட்ட கோட்டை என்று எழுதலாம். 2025 ஜூன் 5-இல் 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2 பழைய விளையாட்டுகளையும் ஓட்டுகிறது.

“எங்க மாமா பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரில வேலை செய்றார். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ரெண்டுலயும் ஏஎம்டி சில்லுதான்னு சொல்றார். அப்புறம் போட்டி எதுல?”

மாமா சொல்வது சரி. 2013-இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் ஏஎம்டியின் எட்டுக் கரு ஜாகுவார் செயலிக்கு வந்தன. 2020-இல் இரண்டும் அதே நிறுவனத்தின் ஸென் 2-க்கு மாறின. சில்லில் வேறுபாடு சுருங்கியதும் போட்டி விளையாட்டுப் பட்டியலுக்கும் நண்பர் வட்டத்துக்கும் நகர்ந்தது.

இதில் கவனிக்கப்படாத பக்கம் ஒன்று உண்டு. பிளேஸ்டேஷன் 4, அதற்கு முந்திய கன்சோலின் தட்டுகளை ஓட்டவில்லை. அதனால் 2013-இல் எல்லோரும் பூச்சியத்திலிருந்து தொடங்கினார்கள், கட்சி மாறுவதில் இழப்பு இல்லை. பிளேஸ்டேஷன் 5-இல் 4-இன் விளையாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஓடும். பத்து ஆண்டு வாங்கிச் சேர்த்த மின்னிலக்க நூலகத்தை விட்டுவிட்டு யார் மாறுவார்கள்? தலைமுறைக்கு ஒருமுறை திறந்த கதவு இப்போது பாதி மூடிக்கிடக்கிறது. புதிதாக நுழைந்தவர்களில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்குக்கு 2022-இல் இடம் கிடைத்ததும் இதனால்தான்: வாங்குபவரிடம் ஸ்டீம் நூலகம் முன்பே இருந்தது.

“கூகல் ஸ்டேடியாவுக்குக் காசுக்கா பஞ்சம்? ஏன் மூடினாங்க?”

விளையாட்டு கூகலின் தரவு மையத்தில் ஓட, படம் மட்டும் இணையம் வழியாக வீட்டுக்கு வரும் சேவை இது. 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18-இல் மூடப்பட்டது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. பொத்தானை அழுத்தியது தரவு மையத்துக்குப் போய், அங்கே படம் உருவாகி, சுருக்கப்பட்டு, திரும்பி வந்து, விரிக்கப்பட வேண்டும். இதற்குள் பல படங்கள் கடந்துவிடும். சதுரங்கத்துக்குப் பரவாயில்லை, சண்டை விளையாட்டுக்கு ஆகாது. அதைவிடப் பெரிய பிழை விலை: விளையாட்டுகளை முழு விலைக்கு வாங்கச் சொன்னார்கள். கன்சோல் இல்லாதவரைப் பிடிக்க வந்த சேவை, கன்சோல்காரர் கொடுக்கும் அதே விலையைக் கேட்டது. மூடும்போது வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பதையும் எழுதுங்கள்.

“கேம் பாஸ்தான் அடுத்த நெட்ஃபிளிக்ஸ்னு எழுதலாமா?”

மைக்ரோசாஃப்டின் சந்தா விளையாட்டுச் சேவையான கேம் பாஸ் 2017 ஜூனில் மாதம் 9.99 டாலருக்கு வந்தபோது அந்த வாதத்துக்குப் பலம் இருந்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் 68.7 பில்லியன் டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தை வாங்கியது (2023 அக்டோபரில் முடிந்தது). அமெரிக்காவில் 2025 அக்டோபரில் கேம் பாஸின் உயர்நிலையான அல்டிமேட் சந்தா மாதம் 19.99-இலிருந்து 29.99 டாலர் ஆனது. அடித்தட்டில் நுழைந்து ஏறுபவர் திறனைக் கூட்டிக்கொண்டு ஏறுவார். இங்கே திறனோடு விலையும் சேர்ந்து ஏறி, மலிவு என்ற முதல் வாசலே அடைபடுகிறது.

“பழைய கன்சோல்னா விலை குறையணும். இப்போ ஏன் ஏறுது?”

பிளேஸ்டேஷன் 2 2000-இல் 299 டாலர், 2002-இல் 199, 2004-இல் 149, 2006-இல் 129, 2009-இல் 99. சில்லைச் சுருக்கச் சுருக்க ஒரு தகட்டில் அதிகச் சில்லுகள் கிடைத்தன, விலை இறங்கியது. இப்போது நுண்ணிய தயாரிப்பு முறைக்கு மாறுவதே பெருஞ்செலவு. 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 549.99 ஆனது, எக்ஸ்பாக்ஸும் அதே ஆண்டில் இரண்டு முறை ஏறியது. 99 டாலர் பிளேஸ்டேஷன் 2 வாங்கிய குடும்பங்களுக்கு இன்று எந்தப் பெரிய நிறுவனமும் புதிய கன்சோல் விற்பதில்லை. அடுத்த சீர்குலைப்பு எங்கிருந்து வரும் என்று தேடுபவர்கள் இந்தக் காலி இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

“மலேசியா செட்டா, இம்போர்ட் செட்டா? வீட்டுக்கு வாங்கணும்.”

மலேசியா செட்டுக்கு உள்ளூர் விநியோகிப்பாளரின் உத்தரவாதம். இறக்குமதி செட்டுக்குப் பெரும்பாலும் கடையின் உத்தரவாதம் மட்டும், அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 தட்டுகளுக்கு வட்டாரப் பூட்டு இல்லை. ஆனால் தட்டும் கூடுதல் உள்ளடக்கமும் ஒரே வட்டாரமாக இருக்க வேண்டும்: ஐரோப்பியத் தட்டுக்கு மலேசியக் கணக்கில் வாங்கிய கூடுதல் பகுதி சேராது. செகண்ட் ஹேண்ட் தட்டு வாங்கும்போது அதிகம் ஏமாறும் இடம் இது.

“விற்பனை எண்ணுக்கு எந்தப் பக்கத்தை நம்பறது? ஒவ்வொண்ணும் ஒரு கணக்கு சொல்லுது.”

நிண்டெண்டோ தன் முதலீட்டாளர் பக்கத்தில் ஒவ்வொரு கருவிக்கும் மொத்த எண்ணை வெளியிடுகிறது. முதலில் அதை எடுங்கள். அது கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை. வேறொருவர் தரும் ‘வாடிக்கையாளர் வாங்கிய எண்ணிக்கை’யோடு ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். நிண்டெண்டோ, சோனி நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மைக்ரோசாஃப்டுக்கு ஜூலை முதல் ஜூன் வரை. 2017 மார்ச்சில் முடிந்த ஆண்டில் ஸ்விட்ச் 2.74 மில்லியன் என்று பார்த்துத் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது: அது மார்ச் 3-இலிருந்து நான்கு வார விற்பனை. மைக்ரோசாஃப்ட் 2015-இலிருந்து எக்ஸ்பாக்ஸ் எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகான எக்ஸ்பாக்ஸ் எண் எதைப் போட்டாலும் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்று எழுதி, யாருடைய மதிப்பீடு என்பதையும் சேர்த்துவிடுங்கள்.